லீஸ் காரின் கடைசி நாள்

ஒரு வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. சிவப்புக் கார் சொந்தம். கீறல் விழக்கூடாதென்று எப்போதும் உறைக்குள்ளேயே கிடக்கும். லீஸுக்கு எடுத்த வெள்ளைக் காரோ ஊரெல்லாம் சுற்றும். மறுநாள் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"என் பின்கண்ணாடியில பாப்பா பேரையே ஒட்டியிருக்காங்க. உனக்கு என்னடா இருக்கு? நாளைக்கே உன்னை மறந்துடுவாங்க," என்றது சிவப்பு.

வெள்ளைக்குச் சுருக்கென்றது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. "மறக்கட்டுமே அண்ணே! பாப்பா பாடினதும் தூங்கினதும் வாந்தி எடுத்ததும் என் சீட்டுலதான்."

அதற்குள் பாப்பா ஓடி வந்து வெள்ளையில் ஏறினாள். கடற்கரைக்குப் போகிறார்களாம்.

உறைக்குள்ளிருந்து சிவப்பு மெல்லக் கேட்டது: "டேய், கடல் எப்படிடா இருக்கும்?"

"சொன்னாப் புரியாதுண்ணே. உறையைக் கிழிச்சுக்கிட்டு வாங்க!" என்று ஹாரனை அலறவிட்டபடி கிளம்பியது வெள்ளை.