ஜூலைக்கு ஆறு

விரல்விட்டு மறுபடி எண்ணினாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஜூலை ஏழாவது மாதம்தான்.

தொலைபேசியில் தென்காசிக்காரர் சுடலைமணி கத்தி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

அவளுடைய நிறுவனம் விற்பது ஒரு கருவித்தொகுப்பு. அதை வைத்து மற்றவர்கள் மென்பொருள் எழுதுவார்கள். மாதம் எதுவென்று கேட்டால் அது ஜனவரிக்குப் பூஜ்யம் சொல்லும். ஜூலைக்கு ஆறு.

வேலைக்குச் சேர்ந்ததும் அவள் கண்ணில் பட்ட முதல் பிழை. போன வாரப் பதிப்பில் திருத்திவிட்டாள்.

ஜூலைக்கு ஏழு. சோதித்துப் பார்த்துத்தான் வெளியிட்டாள்.

சுடலைமணி அதை வைத்துத் தடுப்பூசி நினைவூட்டும் மென்பொருள் செய்து, சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்திருக்கிறார். வருகிற ஆறோடு அவரே ஒன்றைக் கூட்டிக்கொள்வார். வருடக்கணக்காக.

இப்போது ஏழோடும் ஒன்று கூடி எட்டாகிவிட்டது.

ஆகஸ்ட் மாத ஊசிக்கு ஜூலையிலேயே செய்தி போய்விட்டது. காலையிலிருந்து கைக்குழந்தைகளோடு வரிசை.

"இனிமே கூட்டாதீங்க சார். இப்ப சரியாத்தான் வருது."

"எங்கெங்க கூட்டுனேன்னு எனக்கே தெரியாது மேடம். தப்பா இருந்த வரைக்கும் நல்லா ஓடிக்கிட்டு கெடந்துச்சு. நீங்க சரி பண்ணீங்க, சோலி முடிஞ்சுது."

வைத்துவிட்டார்.

சரியாக இருப்பதை எப்படித் திருத்துவது?

குழுத் தலைவரிடம் போய்க் கேட்டாள். பழையபடியே மாற்றிவிடச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

ஏழை அழித்து ஆறு வரும்படி எழுதினாள். அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு.

'இது பிழை. திருத்த வேண்டாம்.'

வாசித்துப் பார்த்தாள். இரண்டு வாக்கியங்களும் உண்மை. சேர்ந்து நிற்கத்தான் மறுத்தன.

பதிப்பை வெளியிட்டாள். எல்லா ஊர்களுக்கும் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரை சொன்னது.

மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது செய்தி வந்தது. சுடலைமணி.

'நீங்க சொன்னதுதான் நியாயம் மேடம். மதியம் சாப்பிடாம உக்காந்து, கூட்டுன இடத்தையெல்லாம் தேடி எடுத்துட்டேன். எல்லா ஆஸ்பத்திரிக்கும் அனுப்பியாச்சு. கோவத்துல பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க.'

பையைக் கீழே வைத்தாள்.

அவள் ஆறு தருகிறாள். அவர் கூட்டவில்லை.

ஆஸ்பத்திரிகளில் இப்போது ஜூன்.

இந்த மாத ஊசிக்கு ஒரு தாய்க்கும் செய்தி போகாது.

அவரை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார். குரலில் சிரிப்பு.

"சொல்லுங்க மேடம். இப்ப ரெண்டு பேரும் சரிதான?"