நாலு மணிச் சோதனை

அக்டோபரில் வெயில் தணிந்ததிலிருந்து எங்கள் ஷார்ஜா கட்டடத்து லிஃப்டில் வாராவாரம் ஒரு நோட்டீஸ்: "சனிக்கிழமை நாலு மணிக்கு வாட்ச்மேன் பால்கனிகளைச் சோதிப்பார். செடி இருந்தால் குப்பைக்குப் போகும். அனைவரும் வீட்டுக்குள் இருக்கவும்."

"ரெண்டு கோடை தாண்டுன கறிவேப்பிலைங்க, விட்ருவீங்களா?" என்றாள் என் மனைவி பானுப்பிரியா.

நான்காவது சனிக்கிழமையும் மூன்று மணிக்கே திருட்டுத்தனமாகத் தொட்டிகளைக் காரில் ஏற்றினோம். ஏழு. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

வழக்கமாகப் போகும் தூரத்துப் பூங்காவில் கூட்டம். திரும்பி வந்து, வீட்டருகே உள்ள பூங்காவில் ஒரு மரத்தடியில் இறக்கியபோது நாலரை. எண்ணினேன். எட்டு.

"பானு, எட்டு இருக்கு."

"தினம் ஆபீஸ் முடிஞ்சு கணக்கு கிளாஸுக்குப் போய் இதைத்தான் படிக்கிறீங்களா?" அவளும் எண்ணினாள். "ஆமா, எட்டு! இந்த ரோஜா யாருது?"

"என்னுது."

மரத்துக்குப் பின்னால், தண்ணீர் பாட்டிலோடு எங்கள் வாட்ச்மேன் சாதிக் பாட்ஷா.

"எல்லாரையும் வீட்டுல இருக்கச் சொன்னேன்ல?" என்று அதட்டினார்.

"நீங்க செக்கிங் போகலையா பாய்?"

அவர் குரல் இறங்கியது. "என் ரூம்ல ஜன்னல் மாஃபி, இல்லவே இல்ல தம்பி. பாவம், இதுக்கு வாரத்துல ஒரு நாளாச்சும் வெயில் வேணாமா? செடி கூடாதுன்னு சொல்ற நானே தொட்டியைத் தூக்கிட்டுப் போறதை யாரும் பாத்துரக் கூடாதுல்ல? அதான் எல்லாரையும் உள்ள உக்கார வச்சேன்."

பானு யோசித்தாள்.

"அடுத்த வாரம் செக்கிங்கை மூணு மணிக்கு வையுங்க பாய். நாங்க தொட்டி ஏத்துற நேரம் அதுதான்."