தண்ணீர் நிற்கும் மாடி

மொட்டை மாடியில் மழைநீர் இறங்கும் துளையை அவள் ஒரு துண்டால் அடைத்தாள்.

கணவனின் புதுத் துண்டு. பத்திரப்பதிவுக்கென்று வாங்கியது.

தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெயிலில் சுட்டது. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி, தரை மூழ்கும்வரை நின்றாள்.

வாசலில் காரிலிருந்து கணவன் ஹாரன் அடித்தான்.

அவள் மெதுவாகத்தான் இறங்கி வந்தாள்.

படுக்கையறையில் பெயின்ட் வாசனை. வீடு வாங்க முதலில் பார்க்க வந்தபோது இந்தக் கூரையில் பெரிய ஈரக் கறை இருந்தது. மாடித் தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டுத் தருவதாக வீட்டை விற்கும் தணிகாசலம் ஒப்புக்கொண்டிருந்தார்.

இப்போது கூரை வெள்ளை வெளேரென்று இருந்தது.

மாடியில் பழைய ஓடுகள்தான். மேலே மெல்லிய சிமெண்ட் பூச்சு.

"எல்லாம் சரி பண்ணியாச்சும்மா. கிளம்புங்க, ராகு காலம் வந்துரும். கோடையில போய் யாராச்சும் ஒழுகுதான்னு பார்ப்பாங்களா?" என்றார் பின்னாலேயே வந்த தணிகாசலம்.

அவள் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னைக்கு விட்டா வேற ஆளுக்குக் கொடுத்துருவேன். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. மாதக் கடைசியில் அங்கே வேறொரு குடும்பம் வருகிறது.

அது அவருக்கும் தெரியும்.

வாசலில் கார் உறுமிக்கொண்டே இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணவன் காலையிலேயே சொல்லியிருந்தான்.

அறையில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதை இழுத்து வந்தாள். கறை இருந்த இடத்தை நினைவில் தேடினாள். அதற்கு நேர் கீழே போட்டாள்.

முந்தானையால் தூசி துடைத்தாள்.

"உக்காருங்கண்ணே. மேல தண்ணி நிக்குது. சாயங்காலம் வரைக்கும் உங்க சட்டை நனையலைன்னா, நாளைக்கே வந்து கையெழுத்துப் போடுறேன்."

தணிகாசலத்தின் சட்டையும் வெள்ளை. கஞ்சி மடிப்பு கலையாதது.

சிரித்தார். மேலே பார்க்காமல் சிரித்தார்.

"நல்ல கூத்தும்மா இது. உக்காந்தா போச்சு."

நாற்காலியின் முதுகைப் பிடித்தார்.

சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.



அவரே ஒருமுறை குனிந்து நாற்காலியின் கால்களைப் பார்த்தார்.

அறை வாசலில் கணவன் நின்றிருந்தான். அவளைக் கூப்பிட வந்தவன். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

அவள் அறையின் நடுவுக்குப் போனாள். நாற்காலி விட்டுப்போன இடத்தில், வெறுந்தரையில், பட்டுச் சேலையோடு சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

கணவன் திரும்பிப் போனான்.

வெளியே, கார் இன்ஜின் அணைந்தது.