மறதிக்கு மூணு இங்கிலீஷ்

"மூணாவது பாடும் வுட்டுட்டியே துளசிங்கண்ணா. இன்னா சொல்ற?" மீனவர் கூட்டத்தில் கணக்கு எழுதும் தினகரன் பட்டியலைப் பிரித்தான்.

ஏரியில் யார் எந்த நாளில் வலை போடலாம் என்பது முறை வைத்து வருவது. அந்த முறைக்குப் பாடு என்று பேர். மூன்று பாடு தவறினால் பேரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஏரியில் அவருக்கு இடம் இல்லை.

"இட் ஸ்லிப்டு மை மைண்ட்" என்றார் துளசிங்கம்.

கூட்டம் சிரித்தது.

"அப்டீன்னா?"

"மனசுலேர்ந்து வழுக்கிடுச்சாம்" என்றான் படித்த பையன் ஒருவன்.

"பாடு இன்னா விலாங்கா, வழுக்கிக்கினு போவ?" என்றான் முரளி. "போன வாட்டி இன்னாவோ சொன்னியே?"

"மைண்ட் வென்ட் பிளாங்க்."

"அதுக்கும் மின்னே?"

"லாஸ்ட் ட்ராக் ஆஃப் இட்."

"பெர்சு தினுசு தினுசா மறக்குதுபா! புள்ள கனடாவுல இருக்கான் இல்ல, ஏரித் தண்ணி கசக்கத்தான் செய்யும்."

துளசிங்கம் தலை குனியவில்லை. அந்தத் திமிர் தினகரனுக்கே பிடிக்கவில்லை. பேரை அடித்தான்.

சாயந்திரம் அதற்குக் கையெழுத்து வாங்க நோட்டோடு அவர் வீட்டுக்குப் போனான். சம்சாரம் போனபிறகு அவர் ஒற்றை ஆள். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. ஜன்னல் கம்பியில் போனை நூலால் கட்டித் தொங்கவிட்டு, எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணா இது?"

"இங்க மட்டும்தான் டவர் எடுக்குது. ஏரிக்குள்ள போனா சுத்தமா கெடையாது."

"யார் போனுக்காவ?"

"பிரதாப்பு. ஞாயித்துக்கெழம பேசறேன் நைனான்னான். மூணு வாட்டியும் பாடு ஞாயித்துக்கெழமைல வந்து வுழுந்துச்சி. அதான் போவல."

"பேசுனானா?"

துளசிங்கம் நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

"மறுநா மெசேஜ் வரும். இங்கிலீஷ்ல. எதுத்த வூட்டு தேவிதான் படிச்சி அர்த்தம் சொல்லும். ஒவ்வொரு வாட்டியும் வேற வேற மாதிரி எழுதறான். படிச்ச புள்ள இல்ல?"

தினகரன் நோட்டில் தான் அடித்த பேரைப் பார்த்தான்.

"இத கூட்டத்துல சொல்லியிருந்தா பேர அடிச்சிருக்க மாட்டோமேண்ணா!"

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார் துளசிங்கம்.

"மறந்தவன் நானாவே இருந்துட்டுப் போறேன்பா. எம்புள்ளைன்னு ஊருக்குத் தெரிய வேணாம்."