நசுங்கிய டப்பா

அயர்லாந்தின் பாலினா ஊர் சூப்பர் மார்க்கெட்டில், காலி குளிர்பான டப்பாவுக்குக் காசு கொடுக்கும் இயந்திரம் டெர்வ்லா போட்ட டப்பாவை மறுபடியும் வெளியே துப்பியது.

"நசுங்கினதை எடுக்காதுன்னு எத்தனை சனிக்கிழமை சொல்றது? வீட்டுல யானையா வளர்க்கிறீங்க?" வரிசையில் பின்னால் நின்ற கோல்ம் சிடுசிடுத்தான்.

"தம்பி குடிச்சிட்டு மிதிச்சிடறான். நான் என்ன பண்ண?"

"குடுங்க இப்படி!"

வாயை வைத்து ஊதி, தட்டி நிமிர்த்திப் போட்டான். இயந்திரம் விழுங்கியதும் வரிசையே கைதட்டியது.

"அடுத்த வாரமாவது முழுசா கொண்டு வாங்க."

டெர்வ்லா சமர்த்தாகத் தலையாட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை காலை உதட்டுச்சாயம் பூசிக்கொண்டாள். பளபளப்பான டப்பாக்களைத் தரையில் அடுக்கி, குதிகால் செருப்போடு ஏறி மிதித்தாள்.

எப்போதோ ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்ட தம்பி போனில் கேட்டான்:

"அங்க என்னக்கா சத்தம்?"

"கல்யாண வேலைடா!"