பதினைந்து சதவீதம்

சிவசங்கரி மவுஸை இன்னும் ஒரு இழை நகர்த்தினாள். திரையில் பழுப்பாகத் தெரிந்த செல்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து நழுவின. முப்பத்தொன்றில் இருந்த சதவீதம் பதினைந்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

பாலக்காட்டில் அவள் வேலை பார்த்த லேபின் நடைமுறை அது. டாக்டர் வெங்கிடாசலம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து முதலில் ஒரு எண் சொல்வார். பிறகு அதே திசுவின் படத்தை அவள் கம்ப்யூட்டரில் எண்ண வேண்டும். சாயத்தில் பழுப்பேறியவை பெருகுகிற செல்கள். எவ்வளவு வெளிறிய பழுப்புவரை கணக்கில் சேர்ப்பது என்பது மட்டும் அவள் கையில்.

டாக்டரின் எண் வரும்வரை அந்த எல்லையை நகர்த்துவாள். முப்பது வருஷ அனுபவத்துக்கு முன்னால் மென்பொருள் எம்மாத்திரம்? டீ ஆறுவதற்குள் ஒரு தட்டு ஸ்லைடையும் பார்த்து முடிப்பார் மனுஷர். பத்து, பதினைந்து, இருபது என்றுதான் சொல்வார், சில்லறையே வராது.

இதுவரை ஒன்றிரண்டுதான் வித்தியாசம் வந்திருக்கிறது. இது பாதிக்குப் பாதி. ஸ்லைடு பூமாரியுடையது, இடுக்கியில் தேயிலைக் கொழுந்து பறிப்பவள், மார்பில் கட்டி. இருபதைத் தாண்டினால் கீமோ, தாண்டாவிட்டால் மாத்திரை.

மறுநாள் கேன்சர் டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு, பூமாரியின் கணவன் குருசாமி லேபுக்கே வந்து கும்பிட்டான்.

"மாத்திர போதும்னுட்டாகம்மா. நீங்க நல்லா இருக்கணும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடியும் விட்டான். அந்தக் கும்பிடு சிவசங்கரியைப் போட்டு வாட்டியது. அநியாயம் பண்ணிவிட்டோம் என்று அடித்துக்கொண்ட மனசோடு டாக்டர் வெங்கிடாசலத்தின் அறைக்குப் போய்க் கதவோரம் நின்றாள்.

"சார், உங்க நம்பர்தான் சரியா இருக்கும்னு, அது வர்ற வரைக்கும் நான் கம்ப்யூட்டர இழுத்து வெச்சனுங்க. பூமாரிக்கு நெசமா வந்தது முப்பத்தொண்ணுங்க."

திட்டட்டும், வேலை போனாலும் போகட்டும். தன் கண் தப்பாது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நீ எண்ணறயேன்னுதானேம்மா, நான் எண்ணறதையே விட்டேன்."