கோரைப்பல்லும் இடது கண்ணும்

மூன்று மணி நேரமாகச் சபாபதியின் இடது கன்னம் அவர் சொல்பேச்சைக் கேட்கவில்லை.

செவிலிமேட்டுப் பல் டாக்டர் ஜெயப்ரியா போட்ட மரத்துப்போகும் ஊசி அப்படி. சிரித்தால் பாதி வாய்தான் சிரித்தது.

ஆனால் வலி போயே போய்விட்டது. ஆடி மாதத்திலிருந்து மண்டைவரை குடைந்த வலி.

பட்டு நூலைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த மேல் கோரைப்பல் அது. உள்ளே சீழ் வைத்த பிறகும் டாக்டர் என்றாலே பயந்து ஓடினார். மேல்பல்லில் கைவைத்தால் கண் போய்விடும் என்று தெருவில் சொல்லாதவர் கிடையாது. கண் போனால் தறியில் யார் உட்காருவது?

அத்தனை வலியிலும், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் ஒரு இழைகூட அறுந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

"ரூட் கெனால்னா பல்லுக்குள்ள கெட்டுப்போன நரம்ப எடுத்துட்டு அடைக்கிறதுங்க. கண்ணு நரம்பு வேற" என்று டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மயிரிழை போன்ற ஊசி பல்லின் வேருக்குள் இறங்கியபோது, சபாபதி எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கண்களையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

மரப்பு விடும்வரை சூடாக எதுவும் குடிக்கக்கூடாதாம். அதனால் இன்றைக்குத் தெருமுனை டீக்கடை இல்லை. மாலையிலும் தறியிலேயே இருந்தார்.

நெய்த சேலையை வழக்கம்போல் தடவிப் பார்த்தார். இழை விட்டுப்போன கோடு விரலில் தட்டியது.

குனிந்து தேடினார். அறுந்த முனை கண்ணில் படவில்லை. பாவு முழுக்கப் பனி மூட்டம்.

வலது கண்ணை மூடிப் பார்த்தார். மூட்டம். இடது கண்ணை மூடினார். அதுவும் மூட்டம்.

"சங்கரி! போச்சுடி! அந்தம்மா ரெண்டு கண்ணையும் சேத்து எடுத்துட்டாங்க!"

ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த மனைவி சங்கரி ஓடி வந்தாள். பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அறுந்த முனையை நொடியில் பிடித்து முடிச்சுப் போட்டாள். பழக்கதோஷத்தில் நுனியைக் கடிக்கப் போனவள், நிறுத்திவிட்டுக் கத்திரியை எடுத்தாள்.

"டாக்டரம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. பல்லு சரியாவட்டும், அப்பறமா கண்ணாடி போடச் சொல்லலாம்னு இருந்தேன். ஆடியிலேர்ந்து தெனம் அறுந்துக்கினுதான் இருக்குது. நீங்க டீக்குப் போற நேரமா பாத்து, நாந்தான் முடிச்சு போட்டுக்கினு வர்றேன்."